மனிதக் கிடை

ஆடுமாடுகள் ஒழிந்த பிறகு கரிசல் காட்டில் மனிதர்களே கிடை கிடந்தார்கள். முன்பு எருவுக்காக ஆடுகளை வயலில் அடைத்ததுபோல, முறை வரும் குடும்பத்தைப் பட்டிக்குள் அடைப்பார்கள். கழிப்பதெல்லாம் வைக்கோலோடு சேர்ந்து அங்கேயே மண்ணுக்குள் போகும். வெட்கப்பட்டவர்களும் முதல் கோடையிலேயே பழகிவிட்டார்கள். தாகத்துக்கு ஏது வெட்கம்?

வயலில் நட்டிருந்த மண்செவி என்ற கருவி, நிலத்தடியில் ஊர்வதையும் மெல்வதையும் கேட்டு உயிரெண் சொல்லும். எருவை நுண்ணுயிர் தின்னும், வைக்கோலைப் பூஞ்சை தின்னும், இரண்டையும் நூற்புழு தின்னும், நூற்புழுவைச் சிற்றுண்ணி தின்னும். அந்தப் பந்தி எவ்வளவு பெரிதோ அவ்வளவு எண். எண் ஏற ஏற, ஊருக்குத் தண்ணீர் விடும் அணையின் மதகு திறக்கும்; ஒருமுறை தொட்ட உயரத்திலிருந்து இறங்கினால் தானாக மூடிக்கொள்ளும். மண் பின்வாங்கக் கூடாது என்று அந்த விதியை எழுதியவள், மண்செவியைச் செய்த சங்கரவடிவு. யாரும் தளர்த்த முடியாதபடி மதகுப்பொறிக்குள் அதைப் பூட்டியதும் அவள்தான். ஊர்த்தலைவியும் அவளே.

மருந்து தின்றவர் கிடைக்கு ஆகாது என்பதும் அவள் விதிதான். கிருமியைக் கொல்லும் மாத்திரை கழிவோடு இறங்கிப் பாதிப் பந்தியைக் காலிசெய்துவிடும். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை விழுங்கிய பேச்சித்தாயின் புருஷனை ஊரே கூடிப் பொட்டலுக்கு விரட்டியது. தண்ணீரில்லாத பொட்டலிலிருந்து அவன் திரும்பவில்லை. ஆறுதலாகப் பேச்சித்தாய்க்குக் கிடைக்காவல் வேலை கொடுத்தார்கள்.

சங்கரவடிவின் கணவன் அய்யாத்துரையின் காலில் மண்வெட்டி பட்டது. புண் சீழ்கோத்துத் தொடை வரை வீங்கியது. பெட்டியடியில் அவள் மாத்திரை ஒளித்து வைத்திருந்தாள். ஊருக்குத்தானே உபதேசம். ஆனால் கிடைமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. கொடுத்தால் மண்செவி காட்டிக்கொடுத்துவிடும். அவள் பேச்சித்தாயிடம் போய், இந்த முறை மட்டும் அவரை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினாள்.

“கிடைக்கு வராதவுக பொட்டலுக்குத்தான போகணும்க்கா,” என்றாள் பேச்சித்தாய். “நீங்க எழுதினதுதான.”

மாத்திரை பெட்டியிலேயே கிடந்தது. கொடுத்தது தெரிந்தால் பொட்டலுக்கு அவரோடு தானும் போகவேண்டியிருக்கும் என்று சங்கரவடிவு பயந்தாள். கணவன் அனத்துவதைக் கேட்டுக்கொண்டே பயந்தாள். அய்யாத்துரை செத்துப்போனான்.

அவனை வயலிலேயே கிடத்தி, வைக்கோலும் இலைச்சருகும் போட்டு மூடினார்கள். சில வாரங்களில் உயிரெண் அதுவரை காணாத உயரத்துக்கு ஏறியது. மதகு முழுதாகத் திறந்தது. பெண்கள் தலைமுழுகினார்கள். மகராசன், செத்தும் கொடுத்தான் என்றார்கள். சங்கரவடிவும் இரண்டு செம்பு குடித்தாள். தண்ணீர் இனிக்கத்தான் செய்தது.

அவன் கரைந்து முடிந்ததும் எண் இறங்கத் தொடங்கியது. எத்தனை குடும்பத்தைக் கிடை போட்டும் பழைய அளவுக்கு மேல் ஏறவில்லை. மதகு பாதி மூடியது. மண் ஒருமுறை தொட்ட உயரம் அய்யாத்துரையின் உயரம். எருவும் சருகும் இனி அதற்கு எட்டாது. இது முதலில் புரிந்தது சங்கரவடிவுக்குத்தான்.

ஊரைக் கூட்டினாள். மதகுப்பொறியை உடைத்தாவது விதியை மாற்ற வேண்டும் என்று பேசத் தொடங்கியவளுக்கு நடுவில் இருமல் வந்தது. அடக்கினாள், மறுபடி வந்தது. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாலையில் பேச்சித்தாய் சூடாக ரசம் கொண்டுவந்தாள். பெட்டியடியைத் துழாவி மாத்திரைகளை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். தலையணையைச் சரிசெய்து, ரசத்தைத் தம்ளரில் ஆற்றிக் கையில் கொடுத்தாள்.

“மிளகு போடலக்கா,” என்றாள். “மண்ணுக்கு ஆகாது.”