கோபுரத்தின் கண்ணில் வைத்த பொட்டு

செத்த மறுநாள் விசாரணைக்கு ஆஜராக வேண்டும் என்பது செவ்வாய்க் கிரக விமானப் படையில் பழகிப்போன விதி. உடல் போனாலும் மூளையின் பதிவு தலைக்கவசத்தில் தங்கிவிடும். அதை எடுத்து நினைவுப் பேழையில் ஏற்றினால் ஆள் பழையபடி பேசுவார். விமானி செங்கோடன் விழித்ததும் கோபப்பட்டார். பின்னே? தரையிறங்கும் நேரத்தில் துருப்பு விமானம் பாறையில் மோதி, அவரோடு நான்கு வீரர்களும் மாண்டிருந்தார்கள்.

விசாரணைத் தலைவர், தளபதி வைத்திலிங்கம். "விமானியோட கவனக்குறைவுன்னு ஒத்துக்கோ செங்கோடா. படை மரியாதையோட அடக்கம் பண்ணிடலாம்" என்றார் கனிவாக. இதுவரை எல்லாப் பிணங்களும் ஒத்துக்கொண்டுதான் போயிருக்கின்றன.

"பண்ணாத தப்பை எதுக்கு சார் ஒத்துக்கணும்? புழுதியில எனக்குக் கண்ணு தெரியல. தரைக்கு இன்னும் நூறு மீட்டர்னு கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லுது, அடுத்த நொடி பாறை! நேத்து காலையில ஆயுத பூஜைன்னு அந்தக் கோபுரத்தோட உயரமானிக் கண்ணுல சந்தனத்தை அப்புனது யாரு? நீங்கதானே?"

உண்மைதான். உள்ளங்கை அகலத்துக்குப் பொட்டு வைத்தவர் தளபதிதான்; துடைக்கப் போனவரை அபசகுனம் என்று தடுத்ததும் அவரே.

"சாயங்கால விமானத்தை ஓட்டிட்டு வர்றது என் பொண்டாட்டி மணிமொழி. இப்பவே போய் அதைத் துடைங்க! என் பேரை அப்புறம் பாத்துக்கலாம். ஆனா ஒண்ணு, தப்பு என்னுதுன்னு சாம்பலானாலும் சொல்ல மாட்டேன்!"

விசாரணைக் குழு குசுகுசுத்தது. பூஜையைக் குறை சொல்ல முடியாது. இப்படிக் கத்துகிறவன் தலையில் பழியைக் கட்டவும் முடியாது. கடைசியில் தீர்ப்பு வந்தது: யார்மீதும் தவறில்லை, எல்லாம் விதி. சரி, அடங்காத இந்த ஆவியை என்ன செய்வது? கோபத்தோடு செத்தவனைக் கும்பிட்டு ஆற்றுவதுதானே நம் வழக்கம்! மதியத்துக்குள் பேழைக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, கோபுரத்தின் அடியிலேயே வைத்துவிட்டார்கள்.

"நான் சாமியில்லடா! மேலே ஏறித் துடைங்கடா!" என்று செங்கோடன் உறுமினார்.

"சாமிக்கு உக்கிரம் ஜாஸ்தி" என்று சிலிர்த்தது கூட்டம். இன்னும் கொஞ்சம் சூடம் கொளுத்தினார்கள்.

அந்தியில் புழுதிக்குள்ளிருந்து விமானத்தின் இரைச்சல் கேட்டது. மணிமொழி இறங்கத் தொடங்கிவிட்டாள். செங்கோடன் பேழையே அதிரக் கத்தினார்: "என் பொண்டாட்டி வர்றாடா! யாராவது ஏறுங்கடா!"

கும்பிட வந்த வரிசையில் முதலில் நின்ற அதிகாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி, பூமிக்கு எனக்கு எப்போ டிரான்ஸ்பர் கிடைக்கும்?"