உள்ளே மடிந்த அளவு

காலையில் போட்ட பேண்ட் இடது தொடையில் இரண்டு விரல் லூசாக இருந்தது. சட்டையோ இடது அக்குளுக்குக் கீழே இறுக்கியது. பூவரசனுக்கு உறுத்தியது சட்டைதான். அவன் தைத்த சட்டை இதுவரை யாரையும் இறுக்கியதில்லை.

மொரப்பூர் ஸ்டேஷன் பக்கம் அவன் தையல்கடை. தொடைச் சதையில் வளர்ந்த புற்றுநோய்க் கட்டி அறுவைக்கு அடங்காமல் போகவே, பெங்களூரு ஆஸ்பத்திரியில் புது மாத்திரைச் சோதனையில் சேர்த்திருந்தார்கள். மாத்திரை கட்டியை மட்டும் குறிபார்த்து அடிக்குமாம், ஆளை விட்டுவிடுமாம். வேறு இடத்தில் புதுக்கட்டி முளைத்தால் சோதனையிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அதன்பின் அவனுக்கு வேறு மருந்தில்லை.

தினமும் தொடையை அவனே டேப்பால் அளந்தான். இருபத்தாறு அங்குலமாக இருந்தது இன்று இருபத்திரண்டு.

"மாப்பிள்ளையாட்டம் ஆயிட்டீங்க," என்று மனைவி பாரதி மிஷின்மேல் டீயை வைத்தாள். "தீர்த்தமலைக்கு வேண்டியிருக்கறேன். படியேறோணும்."

"நானா, கட்டியா?"

"நீங்கதான். அது கீழயே கெடக்கட்டும்."

அவள் உள்ளே போனதும் ஒரு வாடிக்கையாளரின் பேண்டைச் சிறிதாக்க எடுத்தான். வெட்டமாட்டான். மிச்சத் துணியை உள்ளே மடித்துத் தைத்துவிடுவான்; ஆள் பெருத்தால் பிரித்துக்கொள்ளலாம். வெளியே அளவு குறையும். துணி எங்கேயும் போகாது.

ஊசி நின்றது.

மிஷின் எண்ணெய் வாடையும் புதுத்துணியின் கஞ்சி வாடையும் கலந்து கிடந்த அந்தக் கடையில், சரக்கு ரயில் ஒன்று கத்தரிக்கோலையும் பாபின் டப்பாவையும் நடுக்கிக்கொண்டே கடந்து போய், எல்லாம் அடங்கிய பின்னும், அவன் இடது விலாவுக்குள் ஒன்று மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் ஜாஸ்மின், வாராந்திர விசாரிப்பு.

"அண்ணா, மாத்திரை சரியா போடறீங்களா? புதுசா எங்கயாச்சும் கட்டி, வீக்கம் இருக்குதுங்களா?"

விலாவுக்குள் நடுக்கம் சட்டென நின்றது. காது கொடுப்பதுபோல்.

"இல்லீங்க மேடம்."

"சூப்பருங்கண்ணா. அடுத்த மாசம் ஸ்கேன்ல பாக்கலாம்."

போனை வைத்தான். டேப்பை மார்பைச் சுற்றிப் பிடித்தான். முப்பத்து நான்கு. எப்போதும் அதுதான். மூச்சை இழுத்ததால் கூடிவிடக் கூடாதென்று மூச்சை அடக்கினான். விரலை இறுக்கினான்.

டேப் நகர்ந்தது.

முப்பத்து நாலேகால்.

மூச்சு விடவில்லை.

நாலரை.

"டீ குடிச்சீங்களா?" உள்ளிருந்து பாரதி.

அக்குளுக்குக் கீழே ஒரு தையல் தெறித்தது. அடுத்தது. அதற்கடுத்தது. அவசரமே இல்லாமல், தொழில் தெரிந்த யாரோ உள்ளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரிப்பதுபோல்.