முதுகில் விழுந்த வலை

காலை ஒன்பது மணி. ஷட்டரைத் தூக்கிய தையல் கடை முதலாளி தலையில் கை வைத்தார். புது எம்பிராய்டரி மெஷினைக் காணோம்!

பூட்டு உடையவில்லை. ஒரு சாவி கட்டிங் மாஸ்டரிடம். இன்னொன்று மாடி வீட்டு ஆணியில்.

"மாஸ்டரைப் பிடிச்சு உள்ள போடுங்க மேடம்," என்றார் முதலாளி, விசாரிக்க வந்த பெண் இன்ஸ்பெக்டரிடம். "நானும் சம்சாரமும் நேத்து ஊர்லயே இல்ல. மாடியில மச்சான் மட்டும்தான். அவன் எட்டு மாசமா இடுப்பு வலின்னு படுத்த படுக்கை."

மாஸ்டரின் கையிலிருந்த சாக்பீஸ் நழுவியது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தார். சட்டை ஏறியது. இடுப்பில் பழுப்புக் கோடுகள், மீன் வலை விரித்தாற்போல்.

"என்னய்யா அது?"

"மச்சம் மேடம்."

"இவ்ளோ பெரிசாவா?"

இன்ஸ்பெக்டர் மாடியேறினார். மச்சான் குப்புறக் கிடந்தான், இடுப்பில் வெந்நீர்ப் பை. பக்கத்தில் அவன் அக்கா, முதலாளியின் மனைவி.

"தினமும் வைப்பீங்களா?"

"மூணு வேளையும் நான்தான் ஊத்தித் தர்றேன் மேடம். பாவம், புள்ள துடிக்கிறான்."

"எடுங்க, பார்ப்போம்."

இடுப்பு வெண்ணெய் போல் வழவழவென்றிருந்தது.

"எந்திரிப்பா. நடிச்சது போதும்."

"ஐயோ, வலிக்குது!"

"இதமான சூடுதான், கொப்புளம் வராது. ஆனா ஒரே இடத்துல மாசக்கணக்கா பட்டா, தோல்ல வலை மாதிரி கறை விழும். உனக்கு ஒரு கோடுகூட இல்லையே? அக்கா அந்தப் பக்கம் போனதும் பை இந்தப் பக்கம் போயிருக்கு. நிஜமா ஒத்தடம் கொடுக்கிறவர் கீழ நிக்கிறாரு. சாக்பீஸ் எடுக்கவே திணறுறவரு மெஷினைத் தூக்குவாரா?"

கூட வந்த கான்ஸ்டபிள் கட்டில் விரிப்பை விலக்கினார். அடியில் மெஷின்.

கீழே கடையில் மாஸ்டர் கையைப் பிசைந்தார். "நின்னுக்கிட்டே வெட்டுற வேலை முதலாளி. வலின்னு சொன்னா அனுப்பிடுவீங்கன்னு..."

"அதுக்காக ஜெயிலுக்குப் போவியா?"

"ஜெயில்னா என்னைக்காவது ஒருநாள் விட்டுடுவாங்க. நீங்க அனுப்பினா திரும்பக் கூப்பிட மாட்டீங்களே!"

முதலாளி தன் நாற்காலியை இழுத்து வெட்டும் மேசையருகே போட்டார். "உக்காந்து வெட்டு."

மச்சான் மெஷினைத் தனியாகச் சுமந்து படியிறங்கினான். இன்ஸ்பெக்டரின் உத்தரவு. பின்னாலேயே அக்கா பதறிக்கொண்டு வந்தாள்.

"பார்த்துடா, பார்த்து! மெஷினுக்கு அடிபட்டுடப் போகுது!"