என் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவு

அன்று வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். பாக்கே என்னும் நான், பிரசவ வலி கண்டிருந்த என் மருமகள் போனா, சுகாதார நிலையத்து மருத்துவச்சி செனாமி. ஆண்கள் கிழங்கு நட மண்மேடு போடக் காட்டுக்குப் போயிருந்தார்கள்.

செனாமி பைக்கில் வந்து இறங்கியபோது உச்சி வெயில். வடகாற்றுப் புழுதியில் அந்த வெயிலும் சாம்பல் நிறமாக இருந்தது.

எங்களுடையது குதிரை ஏறி ஊரை ஆண்ட குடும்பம். எங்கள் பெண்கள் தனியறையில், வாய் திறக்காமல் பெற்றெடுப்பார்கள். என் மூத்த அக்கா ஞோன் தலைப்பிரசவத்தில் அந்த அறையிலேயே இறந்தாள். ஒரு சத்தம் போடவில்லை என்று அவளைப் பற்றிப் பாட்டே இருக்கிறது. அன்று கதவோரம் காவல் இருந்தவள் நான்.

“உங்க வீட்டுப் பொண்ணுங்களுக்கு நாக்கைப் புடுங்கிட்டுத்தான் கல்யாணம் பண்ணுவீங்களாம்மா?” என்றாள் செனாமி.

“தெக்கத்திக்காரிக்குப் பல் வலிச்சாலே ஊர் கூடிடும். உக்காரு.”

அவள் போனாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். முகம் மாறியது. “நிலையத்துக்குப் போயிடலாம்.”

“அங்க நாலு பேர் சுத்தி நின்னு திட்டுவாங்க அக்கா. தொடையில அடிப்பாங்க. இங்கயே இருக்கேனே” என்றாள் போனா.

“சரி. நான் வாசல்லயே இருக்கேன். ஒரே ஒரு தடவ கூப்பிடு. போதும்.”

போனா என்னைப் பார்த்தாள். பிறகு செனாமியின் காதில் முணுமுணுத்தாள். எனக்குக் கேட்டது.

“அத்தை உக்காந்திருக்கறப்போ எப்படிக்கா கூப்பிடறது?”

போனா தனியறைக்குள் போய்ப் படுத்ததும் வெளியிலிருந்து கதவைச் சாத்தினேன். அதில் முதுகைச் சாய்த்து முக்காலியில் உட்கார்ந்தேன்.

நேரம் போனது. கதவிடுக்கு வழியே, வயிற்றில் தடவும் ஷியா வெண்ணெயின் வாசம் வந்தது. பிறகு, இரத்த வாடை.

“அம்மா, எந்திரிங்க. நான் பாக்கணும்.”

“அவ கூப்பிடல.”

“கூப்பிட மாட்டா. நீங்கதான் இங்க இருக்கீங்களே.”

நான் அசையவில்லை.

அப்போது கதவை உள்ளிருந்து யாரோ சுரண்டினார்கள்.

மிகத் தாழ்வாக. தரையில் கிடப்பவரின் கை எட்டும் உயரத்தில்.

அந்த ஒலியை எனக்குத் தெரியும்.

எழ நினைத்தேன். முக்காலியின் விளிம்பைப் பிடித்தேன். கதவுப் பலகை என் முதுகைத் தள்ளியது. மெதுவாக, மூச்சு விடுவதைப் போல. முன்னால் செனாமி, பின்னால் அது. நடுவில் நான்.

பிறகு அலறல். கிணற்றடியில் இருந்தவர்களுக்கும் கேட்ட அலறல்.

“பாக்கே! கதவைத் தொறடி!”

எந்த மருமகளும் மாமியாரின் பெயரைச் சொல்ல மாட்டாள். என்னைப் பெயர் சொல்லி அழைக்கும் வயதுள்ளவர் யாரும் இந்த ஊரில் உயிரோடு இல்லை.

முக்காலியிலிருந்து உருண்டு விழுந்தேன். செனாமி என்னைத் தாண்டி ஓடினாள்.

போனா எதிர்ச் சுவரோரம் கிடந்தாள். கதவிலிருந்து பத்தடி தூரம். பற்களுக்கிடையில் துணி. கண்கள் செருகியிருந்தன. பாய் முழுக்க இரத்தம். செனாமி குழந்தையை வெளியே எடுத்தாள், ஊசி போட்டாள், இரத்தம் நிற்க வயிற்றைப் பிசைந்தாள். இருவரும் பிழைத்தார்கள்.

கதவின் உட்புறத்தில், கீழே, புதிதாக நகக் கீறல்கள். போனாவின் நகங்களைப் பார்த்தேன். ஒன்றும் உடையவில்லை.

கதவைக் கழற்றி எரிக்கச் சொன்னேன். இனி எங்கள் வீட்டில் யார் பெற்றாலும் செனாமி பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்வாள் என்றும் சொல்லிவிட்டேன். கதவில்லாத அந்த அறைவாசலில் உச்சி வேளையில் இன்னும் மரம் சுரண்டும் ஒலி கேட்கிறது.

என் மருமகள் அலறினாள் என்று சந்தையில் பேசுகிறார்கள். அது தவறு. போனா வாயைத் திறக்கவில்லை.

நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அக்கா சத்தமில்லாமல் இறந்தாள் என்பதும் தவறு. அவள் கதவைச் சுரண்டினாள். என்னைக் கூப்பிட்டாள். நான் கேட்டேன்.