சத்தம் சாகும் இடம்

கூடத்துத் தரையில், அதிர்வே இருக்கக்கூடாத இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, இங்கேதான் அதிகம் என்று கவிஷா சைகை காட்டினாள்.

கோகிலனுக்கு அது பிடிபடவில்லை. கூடத்தின் எதிரெதிர் மூலைகளில் மூலைக்கு ஒன்றாக சப்வூஃபர் ஒலிபெருக்கிப் பெட்டிகள் அடித்தொண்டையில் ஊமைப்பாட்டுப் போல உறுமிக்கொண்டிருந்தன. ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தது. அப்படி ஒயர் மாறிவிட்டால் இரண்டின் அதிர்வும் நடுவில் சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடும். அந்த நடுத் தரை ஓட்டில் அவன் காதை வைத்துப் பார்த்தான். வெறும் மழைச் சத்தம்தான், ஈரமண் வாசனைதான்.

ஆனால் அவளுக்காகத்தானே இந்தப் பாடெல்லாம். பிறவியிலேயே காது கேளாத ஆறு வயதுப் பிள்ளை. தாளம் தப்புகிறாள் என்று பள்ளி நடனத்தில் கடைசி வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். தரையின் வழியாகவாவது பாட்டு அவளுக்குள் போகட்டும் என்றுதான் இந்தப் பெட்டிகளைக் கம்பார் டவுனிலிருந்து தூக்கி வந்தான்.

பெட்டிகளை விற்ற கிளென் கைப்பேசியில் இருந்தான்.

"மச்சான், ரெண்டாவது பெட்டி பின்னால ஃபேஸ் சுவிட்ச் இருக்கும். அத திருப்பு லா."

"திருப்பினா?"

"ரெண்டும் ஒன்னா அடிக்கும். இப்ப புருசன் பொண்டாட்டி மாரி ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கிட்டு இருக்கு."

திருப்பினான். சன்னல் கண்ணாடி நடுங்கியது. அலமாரியில் கிளாஸ்கள் கிணுகிணுத்தன. அவன் அடிவயிறே அதிர்ந்தது. ஆவலோடு மகளைப் பார்த்தான்.

கவிஷா இல்லையென்று தலையை ஆட்டினாள். அதே மாதிரிதான் இருக்கிறது என்றாள் கையால். கூடவில்லை, குறையவில்லை.

பாட்டை நிறுத்தினான். அதே மாதிரி.

இரண்டு பிளக்குகளையும் சுவரிலிருந்து பிடுங்கினான்.

அதே மாதிரி.

"கிளென், கரண்டே இல்ல. பிள்ள இன்னும் அதிருதுங்குது."

"கோப்பெங் பக்கம் பூரா சுண்ணாம்பு மலை லா. ரப்பர் மரத்தையெல்லாம் தோண்டிப் போட்டுட்டு மேல வீட்டக் கட்டிட்டான். அடியில பொந்து இருக்கும், லாரி போனா ஆடும். நீ வாங்குனது வீடா, பிஸ்கட் டின்னா?"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான் கிளென்.

கோகிலன் மகளின் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தான். ஓடு சில்லென்றிருந்தது. ஒன்றுமில்லை. கையை எடுக்கப் போனான்.

டும்.

காதில் விழவில்லை. எலும்பில் விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. லாரி என்றால் கடந்து போய்விடும். இது எங்கும் போகவில்லை.

கவிஷா விரலால் ஓட்டைத் தட்டினாள். மூன்று தட்டு.

அடியிலிருந்து மூன்று.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மறுபடி தட்டினாள், வேகமாக, விட்டு விட்டு, குறுக்கும் நெடுக்குமாக. ஒவ்வொன்றுக்கும் அப்படியே பதில் வந்தது. பிறகு அது முதலில் தட்டியது. இவள் தொடர்ந்தாள். பிறகு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இரண்டும் ஒன்றாக. ஒரு தட்டுக்கூடத் தப்பவில்லை. பள்ளியில் அவளுக்குப் பிடிபடாத தாளம் இப்போது அவள் விரலில் வழுவாமல் நின்றது.

"போதும்மா."

அவளுக்குக் கேட்காது. தெரிந்தும் சொன்னான்.

அள்ளித் தூக்கினான். உதைத்தாள், திமிறினாள், தரையை நோக்கிக் கையை நீட்டினாள். கதவு. கார் நிற்கும் இடம். மழை. வெறுங்காலில் வேலியோரப் புல் வரை ஓடினான். ஓடு இல்லை, பெட்டி இல்லை, ஒயர் இல்லை. அப்பாடா என்று பிள்ளையை இறுக அணைத்தான்.

டும்.

காலடித் தரையிலிருந்து வரவில்லை.

அவன் இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. இது மெதுவாக வந்தது. கனமாக. அவளுடைய சின்ன முதுகிலிருந்து, அவன் உள்ளங்கைக்குள்.

அவள் நெஞ்சில் காதை வைத்தான். உதைத்துத் திமிறிய பிள்ளையின் துடிப்பைத் தேடினான். அந்த மெதுவான அடி மட்டும்தான் இருந்தது.

டும்.

பிறகு அதுவும் இல்லை.

நிமிர்ந்து பார்த்தான். மழைநீர் கண்ணில் வழிந்தும் இமைக்காமல், உதட்டில் சிரிப்போடு, கவிஷா அடுத்த தட்டுக்காகக் காத்திருந்தாள்.