ரங்கா செல் காணோம்!

"ஐயோ... ரங்கா செல் காணோம்!"

மூன்றாவது மாடியில் கிளம்பிய அந்த அலறல், படிக்கட்டில் உருண்டு, கேட்டில் நின்ற செக்யூரிட்டியின் காதில் போய் விழுந்தது.

அலறியவள் ஷ்ரேயா. வயது இருபத்தொன்பது. நோய் எதிர்ப்புச் செல்கள் பற்றி பிஎச்.டி. ஆறாவது வருடம்.

எதிரே கம்ப்யூட்டர் திரை. ரத்தத்தில் இருக்கும் செல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் புள்ளி வைக்கும் மெஷினுடையது. பன்னிரண்டு பேரின் ரத்தம். பன்னிரண்டு படங்கள். வலது மூலையில் எறும்பு மொய்த்த மாதிரி புள்ளிகள் குவிந்திருக்க வேண்டும்.

காலி!

மணி பத்து நாற்பது. மூன்று மணிக்கு வைவா. டெல்லி எக்ஸாமினர் ஏர்போர்ட்டில் இறங்கிவிட்டார். 'அந்த செல்லை என் கண்ணால் பார்த்தால்தான் கையெழுத்து' என்று ஏற்கெனவே மெயில் போட்டிருந்தார்.

அவர் மீது தப்பில்லை. பதினான்கு வருடமாக அந்த செல்லை உலகத்தில் வேறு எவரும் பார்த்ததில்லை. ஜப்பான்காரர்கள் தேடினார்கள். ஜெர்மன்காரர்கள் தேடினார்கள். "அவங்க ஊர்ல பெங்களூரு தண்ணி இல்லையே!" என்பார் பேராசிரியர் ரங்கா. செல்லைக் கண்டுபிடித்தவர் அவர். பெயர் வைத்தவரும் அவரே. அடக்கம் காரணமாக இனிஷியலை மட்டும் விட்டுவிட்டார்.

அவரே இப்போது உள்ளே பாய்ந்தார்.

"கத்தாதேம்மா! மெஷின் ரிப்பேரா இருக்கும்."

"மூணு தடவை ஓட்டிட்டேன் சார். மெஷின் கல்லு மாதிரி இருக்கு."

"கெமிக்கல் பழசா இருக்கும்."

"நேத்து வந்தது சார்!"

"அப்ப... நீ சரியா தூங்கலை."

"சார், பன்னெண்டு டோனரையும் வரச் சொல்லுவோம். புது ரத்தம் எடுத்துப் பார்த்துடலாம்."

ரங்காவின் நெற்றியில் வியர்வை பூத்தது. ஏசி பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"எதிக்ஸ்மா! ரத்தம் குடுக்கிறது யாருன்னு நமக்குத் தெரியவே கூடாது!"

ஷ்ரேயா வாயைத் திறப்பதற்குள் வாசலில் பூட்ஸ் சத்தம்.

சப்-இன்ஸ்பெக்டர் மமதா! பேச்சில் பாதி கன்னடம், பாதி தமிழ். ஒரு கையில் லத்தி. மறு கையில் இன்ஸ்டிட்யூட் கேன்டீன் வடை.

"செக்யூரிட்டி போன் மாடினான். ரங்கா சாரோட செல் திருட்டு அந்தே. யாரு ரங்கா?"

"நான் தான். ஆனா..."

"என்ன மாடல்? ஐஃபோனா?"

"மேடம், அது அந்த செல் இல்ல," என்றாள் ஷ்ரேயா. "உடம்புல இருக்கிற செல்."

"உடம்புலன்னா... பாக்கெட்லயா?"

"ரத்தத்துல மேடம்."

மமதா வடையை மெல்வதை நிறுத்தினாள். ஷ்ரேயாவைப் பார்த்தாள். ரங்காவைப் பார்த்தாள். மறுபடி மென்றாள்.

"எத்தனை செல் காணோம்?"

"சுமார்... பன்னெண்டு லட்சம்."

"அய்யோ தேவ்ரே! கோடவுனையே தூக்கிட்டாங்களா?"

ஷ்ரேயாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. விளக்கினாள்.

"டி-செல்னு ஒரு வகை மேடம். நெஞ்செலும்புக்குப் பின்னால தைமஸ்னு ஒரு ஸ்கூல். அங்க தான் டி-செல் வளருது. 'இவன் நம்மாளு, இவன் கிருமி'ன்னு பிரிச்சுப் பார்க்கக் கத்துக்குது. நூத்துல தொண்ணூத்தஞ்சு பெயில். பெயிலானா... உயிரோட வெளிய விடமாட்டாங்க."

"பாசானா?"

"வாழ்நாள் பூரா ரோந்து."

"நம்ம டிப்பார்ட்மென்ட் மாதிரியே!" மமதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சரி. காணாமப் போனது கடைசியா யார்கிட்ட இருந்துச்சு?"

"இதுல போலீஸுக்கு வேலையே இல்ல!" ரங்கா குரலை உயர்த்தினார். "நீங்க கிளம்பலாம்!"

பதினெட்டு வருட சர்வீஸில், 'கிளம்பலாம்' என்று சொன்ன யாரையும் மமதா நம்பியதில்லை.

அப்போது ட்ரேயுடன் உள்ளே வந்தார் முனியப்பன். லேப் அட்டெண்டர். லிங்கராஜபுரத்துக்காரர். காபி, மறுபடி நாலு வடை.

"சார், வடை?"

"வேண்டாம்ப்பா! இருபது வருஷமா அந்தக் கேன்டீன் வாசப்படி மிதிச்சதில்ல நான். டிபன் பாக்ஸ் இருக்கு."

"குடுத்து வெச்சவர் சார் நீங்க," என்றாள் ஷ்ரேயா. "ஹாஸ்டல்காரி எனக்கு மூணு வேளையும் அங்க தான்."

மமதா இரண்டாவது வடையை எடுத்தாள். "இவரு யாரு?"

"மாசா மாசம் பன்னெண்டு டோனர் ரத்தத்தையும் ஐஸ் பெட்டில கொண்டு வர்றவர்."

"ஓஹோ! டோனர் ரிஜிஸ்டர் எல்லி, எங்க?"

"எதிக்ஸ்!" என்று கத்தினார் ரங்கா.

மமதா லத்தியை மேஜைமேல் வைத்தாள். சத்தம் வராமல்தான் வைத்தாள். முனியப்பன் ரிஜிஸ்டரை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"டோனர் நாலு, ஃபாத்திமா. கையெழுத்து, போன் நம்பர் எல்லாம் இருக்கு... கேப்போம்."

டயல் செய்தாள்.

போனைக் காதில் வைத்தாள்.

டிங்... டிங்... டிங்!

சத்தம்... முனியப்பனின் சட்டைப் பையிலிருந்து!

முனியப்பன் பழக்கதோஷத்தில் எடுத்துக் காதில் வைத்தார்.

"ஹலோ... ஃபாத்திமா வீட்ல இல்லீங்க."

சொல்லிவிட்டுத்தான் மமதாவைப் பார்த்தார்.

மமதா கண்ணிமைக்காமல் அடுத்த நம்பரைப் போட்டாள். டோனர் ஒன்பது, டெரிக்.

அதே பை! வேறு ரிங்டோன்!

"ரெண்டு சிம் மேடம்," என்றார் முனியப்பன் பரிதாபமாக. "மொத ஆறு பேருக்கு ஒண்ணு... பின்னாடி ஆறு பேருக்கு ஒண்ணு..."

"அப்ப பன்னெண்டு பேர்?"

"நான் தான் மேடம். இன்னா பண்றது... ஒரு கைல ஆறு ட்யூப்பு, இன்னொரு கைல ஆறு ட்யூப்பு."

ஷ்ரேயா தன் தீசிஸைப் புரட்டினாள். ஆறு வருடம்! அறுபத்து மூன்று வரைபடம்! எல்லாவற்றின் கீழும் 'ஆரோக்கியமான பன்னிரண்டு பேர்' என்று அவள் கையாலேயே டைப் அடித்திருந்தாள்.

"சார்...?"

ரங்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"மொத வருஷம் நிஜமாவே பன்னெண்டு பேர்மா. வெளியிலேர்ந்து வந்த பதினோரு பேர் ரத்தத்துல ஒரு செல்லும் இல்ல. முனியப்பன் ரத்தத்துல கொட்டிக் கிடந்தது. அறிவியலுக்கு ஒத்துழைக்காதவங்களை எப்படிம்மா வெச்சுக்கறது?"

"ஒரே ஆளுன்னு எழுதியிருக்கலாமே சார்!"

"ஒரே ஆளுன்னா எந்த ஜர்னல் போடும்?"

மமதா நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டாள். "சரி முனியப்பா. இத்தனை வருஷம் இருந்த செல் இந்த மாசம் எங்க போச்சு? எதாவது தின்னியா? குடிச்சியா?"

"இல்லீங்க. வயிறு தான் வருஷக்கணக்கா கடமுடான்னு இருந்துச்சு. சந்திரம்மா, எங்க வீட்ல... பத்து நாள் முன்ன மெடிக்கல்ல பூச்சி மாத்திரை வாங்கியாந்துச்சு. ஒண்ணு போட்டேன். மறுநாள் காலைல பார்த்தா..."

"போதும்!" மமதா வடையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

ஷ்ரேயா நிமிர்ந்தாள்.

பூச்சி... மாத்திரை... காலி!

"வயித்துல எப்படிண்ணா பூச்சி வந்துது?"

"மெடிக்கல்காரரு சொன்னாராம், கை கழுவாத எடத்துல திங்காதன்னு. நான் நம்ம கேன்டீனை விட்டா வேற எங்க மேடம் திங்கறேன்?"

ஷ்ரேயா ஓடினாள். கீழே ஹெல்த் சென்டர். சட்டைக்கையை மடக்கி நர்ஸிடம் நீட்டினாள்.

"லேப் ஆளோட ரத்தத்தை எடுக்கக் கூடாதும்மா! எதிக்ஸ்!" என்று மாடியிலிருந்து ரங்கா கூவினார்.

"ஆமாமா," என்றார் முனியப்பன்.

மணி ஒன்று முப்பத்தைந்து.

எக்ஸாமினரிடமிருந்து போன். ஹெப்பால் ஃப்ளைஓவரில் நிற்கிறாராம். ஒன்றரை மணி நேரமாக. பெங்களூரு டிராஃபிக் முதல் முறையாக ஒருவருக்கு நன்மை செய்துகொண்டிருந்தது.

மெஷின் கீச்சிட்டது. திரையில் ஒரு புள்ளி விழுந்தது. இரண்டு. பத்து...

வலது மூலையில், எறும்பு மொய்த்த மாதிரி...

"இருக்கு!" ஷ்ரேயா துள்ளினாள். "எனக்கும் இருக்கு! பூச்சியை அடிக்கத்தான் இந்த செல் உருவாகுது! பூச்சி இல்லாத ஜப்பான்ல எப்படிக் கிடைக்கும்? தீசிஸ்ல நிஜத்தையே எழுதறேன்... டோனர் ரெண்டே பேர். முனியப்பன், ஷ்ரேயா!"

ரங்காவின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "அப்ப ரங்கா செல் பிழைச்சிடுச்சு!"

"செல் பிழைச்சிடுச்சு சார். பேர் தான் செத்துடுச்சு. இனிமே முனியப்பன் செல்."

மமதா ரிஜிஸ்டரைக் கைக்குட்டையில் சுற்றினாள். "ரங்கா சார், ஜீப்ல ஏறுங்க. பன்னெண்டு கையெழுத்துக்கும் தனித்தனியா பதில் சொல்லணும்."

ரங்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நடந்தார்.

மமதாவும் திரும்பினாள். வாயில் மூன்றாவது வடை. பாதி மென்றது.

சட்டென்று நின்றாள்.

திரையைப் பார்த்தாள். ஷ்ரேயாவைப் பார்த்தாள். கையில் மிச்சமிருந்த வடையைப் பார்த்தாள்.

"முனியப்பா..." வடையை மேஜையில் வைத்தாள். "அந்தப் பூச்சி மாத்திரை... இன்னும் இருக்கா?"

"இருக்கு மேடம்," என்றார் முனியப்பன். "ஒருத்தருக்கு வேணுமா... பன்னெண்டு பேருக்கு வேணுமா?"