தமெய்ன் கட்டிய பேய்

பேயைப் பார்த்து அழுகிறவர்கள் உண்டு. பேயைக் காணோம் என்று அழுதுகொண்டு பர்மாவில், தாமுவே பேட்டையில் சாந்தகுமாரியின் வீட்டுப் படியேறி வந்தவள் அம்சவேணி ஒருத்திதான்.

சாந்தகுமாரி இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்ச் சாட்சிகளைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரைச் சும்மா விடவில்லை. அவருக்குத் துணை, டாக்சி ஓட்டும் வாஜித். துப்பு என்று சொன்னால் போதும், சோறு தண்ணீர் மறந்துவிடுவான்.

"முதல்ல உக்காரும்மா. எந்தப் பேய்?" என்றார் சாந்தகுமாரி.

அம்சவேணி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாங்க தின்கன்ஜூன்ல இருக்கோம்க்கா. அக்டோபர் வந்தா பேய்த் திருவிழான்னு எங்க தெருவுல வீட்டுக்கு வீடு முற்றத்துல பேய் செஞ்சு வைப்பாங்க. இந்த வருஷம் ஒரு பெரிய ஷாப்பிங் சென்டர்ல இருந்து இன்னைக்குச் சாயந்திரம் பார்க்க வர்றாங்க. எந்தப் பேய் நல்லா இருக்கோ, அதைச் செஞ்சவங்களுக்கே அவங்க சென்டர்ல அமைக்கிற பேய் வீட்டு வேலை மொத்தமும். கார்மெண்ட் ஃபேக்டரியை மூடினதுல இருந்து நானும் தங்கச்சி ஆஷாவும் வேலையில்லாம கிடக்கோம். இந்த வேலையை விட்டா எங்களுக்கு வேற கதியில்ல."

"எப்படிச் செஞ்சே?"

தொழில் பேச்சு வந்ததும் அழுகை நின்றது. "மூங்கில் கட்டி, உள்ள வைக்கோல் அடைச்சு, மேல கஞ்சியில பேப்பரை ஒட்டணும். கஞ்சியில மயில்துத்தம் கலக்கணும்க்கா, இல்லாட்டி எறும்பும் கரப்பானும் மூக்கைத் தின்னுடும். மழைக்கு வார்னிஷ். தேங்காய் நாருக்குக் கறுப்புச் சாயம் போட்டு இடுப்பு வரைக்கும் முடி. என்னோட பழைய சிவப்புத் தமெய்னைக் கட்டி, கேட்டுக்கு மேல தொங்கவிட்டேன்."

"கேட்டுக்கு மேலயா? தமெய்னையா?" வாஜித் வாயைப் பிளந்தான்.

அவன் பிளந்ததில் நியாயம் உண்டு. பெண்கள் இடுப்பில் கட்டும் தமெய்ன் தலைக்கு மேல் இருந்தால், அந்தக் காலத்துப் பர்மியப் பெரியவர்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு போவார்களே தவிர, அதன் கீழே நடக்கமாட்டார்கள். ஆம்பிளையின் மகிமை போய்விடுமாம். கொடியில் காயும் தமெய்னைக் கையால்கூடத் தொடமாட்டார்கள்.

"எதிர்வீட்டுப் பர்மியப் பெரியவர் ஊ டின்மாங் அதுக்குத்தான் குதிச்சாரு. 'பேய்க்கு ஏதுங்க ஆம்பள பொம்பள'ன்னு நானும் எதுத்துப் பேசிட்டேன். அவர்தான்க்கா எடுத்திருக்காரு. நேத்து சாயந்திரம் நான் பெயிண்ட் வாங்க மார்க்கெட் போயிருந்தேன். ஆஷா கண்ணசந்துட்டா. அவ எழுந்திரிக்கிற நேரம் பெரியவர் வீட்டுக்குள்ள வந்து, ஒரு சீப்பு வாழைப்பழம் குடுத்து, சிரிச்சுச் சிரிச்சுப் பேசியிருக்காரு. நோட்டம் பார்க்கத்தானே?"

"அவர் மட்டுமா வந்தார்?"

"பக்கத்து வீட்டு சுந்தரும் கூடவே வந்தானாம். அவனும் போட்டியில இருக்கான். பெரியவர் போனதும் 'கேட்டுல நுழையறப்போ உங்க பேயோட கால் என் தலையில இடிக்குது'ன்னு ஆஷாகிட்ட சிரிச்சுட்டு, அப்படியே மாவ்பி ஊருக்குக் கிளம்பிட்டான். காலையிலதான் திரும்பினான். மழை பிடிச்சதால ஆஷா வெளிய எட்டிப் பார்க்கல. நான் வீடு வந்தப்போ கரண்ட் இல்ல, மழை வேற. குடைக்குள்ள தலையைக் குடுத்துகிட்டு ஓடி உள்ள போயிட்டேன். விடிஞ்சு பார்த்தா கயிறு மட்டும் ஆடுது. ஆத்திரத்துல ஊ டின்மாங்கைத் தெருவுல நின்னு திருடன்னு கத்திட்டேன். கதவைச் சாத்தினவர் திறக்கவே இல்ல."

"வீட்டுக்கு வேற வாசல் உண்டா?"

"அந்த ஒரு கேட்டுதான்."

சாந்தகுமாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த வாழைப்பழத்தைச் சாப்பிட்டியா?"

"தொடக்கூட இல்லக்கா."

"போனதும் சாப்பிடு. நல்ல மனசோட குடுத்த பழம்."

டாக்சியில் வாஜித்துக்கு வாய் ஓயவில்லை. "பெரியவர்தான் அக்கா. கோபம் இருக்கு, பக்கத்துலயே வீடும் இருக்கு. இந்நேரம் கொளுத்தியிருப்பாரு!"

"ரோட்டைப் பார்த்து ஓட்டு, வாஜித்."

முதலில் சுந்தரின் முற்றத்துக்குப் போனார்கள். தகரக் கூரையின் கீழ் வரிசையாக அவன் பேய்கள் நின்றன. கடைசியில் தொப்பியும் கறுப்புக் கோட்டும் போட்ட ஒரு நெட்டைப் பேய், முகத்தில் பளிச்சென்று வெள்ளைப் பெயிண்ட்.

"பாவம் அந்தப் பொண்ணு, எவ்வளவு பாடுபட்டுச்சு," என்று சுந்தர் உச்சுக் கொட்டினான். "நேத்து நானும் ஊ டின்மாங்கும் ஒண்ணாத்தான் கேட்டுல நுழைஞ்சோம்க்கா. பேய் அப்போ நல்லாத் தொங்கிச்சு. அப்புறம் நான் ஊர்லயே இல்ல."

"இதெல்லாம் நீங்க செஞ்சதா?"

"எல்லாம் என் கைதான். வைக்கோலும் வெறும் சோத்துக் கஞ்சியும். வேற ரகசியம் எதுவும் இல்ல."

ஒவ்வொரு பேயின் முகத்தையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே போன வாஜித் கையை உதறினான். "எறும்புக்கா! பிடுங்கி எடுக்குது!" கடைசிப் பேயிடம் மட்டும் அவன் கையை உதறவில்லை.

சாந்தகுமாரி தெருவைக் கடந்து ஊ டின்மாங்கின் மூடிய கதவருகே நின்று, பர்மிய மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார். கதவு திறந்தது. சிறிது நேரத்தில் பெரியவர், அம்சவேணி, ஆஷா எல்லோரும் சுந்தரின் முற்றத்தில் கூடிவிட்டார்கள்.

"அம்சவேணி, உனக்குக் கோபம் கண்ணை மறைச்சிடுச்சு," என்று தொடங்கினார் சாந்தகுமாரி. "தமெய்னுக்குக் கீழ நடக்காத மனுஷன், அதை அவிழ்த்துத் தூக்கிகிட்டுப் போவாரா? ஆள் விட்டு எடுத்திருக்கலாம்னு நினைக்கலாம். ஆனா அப்படிச் செஞ்சவர் பழத்தோட வரமாட்டார். நேத்து அவர் உன் வீட்டுக்குள்ள வந்தார். இருக்கிறது ஒரே கேட்டு. அப்படின்னா அவர் நுழையும்போது மேல என்ன இருந்திருக்கணும்?"

வாஜித் துள்ளினான். "ஒண்ணும் இருந்திருக்கக்கூடாது!"

ஊ டின்மாங் தலையாட்டினார். "என் பேச்சை மதிச்சு இந்தப் பொண்ணு எடுத்துட்டாளேன்னு சந்தோஷப்பட்டேன். அதுக்குத்தான் பழம் வாங்கிட்டுப் போனேன்," என்றார் பர்மிய மொழியில்.

"அதே நேரம், அதே கேட்டுல நுழைஞ்ச சுந்தர் மட்டும் பேயோட கால் தலையில இடிச்சதுன்னு சொல்றார். ஆஷா தூங்கும்போதே பேயை இறக்கியாச்சு. அப்புறம், பேய் இன்னும் இருக்குன்னு ஒரு பொய்யைச் சொல்லிட்டு ஊருக்குக் கிளம்பிட்டா, பழி ராத்திரி மேல விழும். நல்ல யோசனைதான், சுந்தர். ஆனா நீங்க தினம் அதுக்குக் கீழ நடந்து பழகினவர். பக்கத்துல வந்த பெரியவர் நடக்கமாட்டார்ங்கிறது உங்க ஞாபகத்துக்கே வரல."

"அ... அதுக்கு என்ன ஆதாரம்?" என்றான் சுந்தர்.

"எறும்பைக் கேளுங்க. வெறும் கஞ்சின்னு சொன்னீங்க. மத்த பேய் எல்லாத்துலயும் எறும்பு விருந்து சாப்பிடுது. இதுல மட்டும் ஒண்ணுகூட இல்லையே, மயில்துத்தமா?" என்றபடி நெட்டைப் பேயின் தொப்பியைத் தூக்கினார் சாந்தகுமாரி.

கறுப்புத் தேங்காய் நார் இடுப்பு வரை சரிந்து விழுந்தது.

"என் பொண்ணு!" என்று கத்திக்கொண்டு அம்சவேணி பேயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் அப்படிக் கட்டிப்பிடித்து அந்தத் தெரு பார்த்ததில்லை.

சுந்தர் தலை குனிந்தான். "பக்கத்துல இது தொங்கினா என்னோடதை யார் பார்ப்பாங்க? அந்த ஆசைதான்." தெருவே வேடிக்கை பார்க்க, பேயைத் தன் தோளிலேயே சுமந்து கொண்டுபோய்க் கொடுத்தான். இரண்டு தடவை தடுக்கினான். ஒருவரும் கை கொடுக்கவில்லை.

அம்சவேணி நேராக ஊ டின்மாங்கின் முன் போய் மண்டியிட்டுக் கும்பிட்டாள். "வாய் தவறிப் பேசிட்டேன், மன்னிச்சிடுங்க. இனிமே கேட்டுல தொங்கவிட மாட்டேன்." பெரியவர் சிரித்துக்கொண்டே, ஆள் நடமாட்டமில்லாத மூலையில் இருந்த கொய்யா மரத்தைக் கை காட்டினார். வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டி, வேறு தமெய்ன் கட்டி, பேயை அங்கே ஏற்றினார்கள்.

சாயந்திரம் ஷாப்பிங் சென்டரிலிருந்து மா தீரி என்ற இளம்பெண் வந்தாள். கொய்யா இலைகளுக்குள்ளிருந்து முகம் திரும்பியதும் அவள் போட்ட அலறலில் தெருநாய்கள் ஓடின. மூச்சு வந்ததும் முதலில் அவள் கேட்டது, "இதைச் செஞ்சது யார்?" என்றுதான்.

"நான்தான்."

"எனக்கு மூணு மாடிக்கும் இதே மாதிரி வேணும். உங்க ஒருத்தரால முடியுமா?"

அம்சவேணி மா தீரியின் கண்ணெதிரிலேயே போனை எடுத்தாள். ஃபேக்டரியில் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைத்த காளியம்மாவின் குரல் மறுமுனையில் கேட்டது.

"காளியம்மா, நம்ம லைன்ல வேலை போன அத்தனை பேரையும் நாளைக்குக் காலையில என் வீட்டுக்குக் கூட்டிட்டு வா," என்றாள் அம்சவேணி. "ஃபேக்டரி திறந்தாச்சு. முதலாளி நான்தான்!"